ஒரே ஃபோல்டர், மூன்று சம்பிரதாயங்கள்

சிறிய காரியாலயம் ஒன்றில் மூன்று மேஜைகளின் மீது மூன்று விதமான கம்ப்யூட்டர்கள் இருப்பது இப்போது அபூர்வமான விஷயமன்று. கணக்கு எழுதுகிறவர், டாலி அதில்தான் ஓடுகிறது என்பதனால் விண்டோஸை விட்டு அசைய மாட்டார். பக்கங்களை வடிவமைக்கிறவர் மேக்கில் பழகியவர். இணையதளத்தைக் கவனித்துக்கொள்கிறவருக்கு லினக்ஸ்தான் சௌகரியம். இம்மூவரும் ஒரே விலைப்பட்டியலையும் ஒரே கடிதத்தையும் நாள் முழுவதும் எடுப்பதும் திருத்துவதும் வைப்பதுமாக இருக்க வேண்டியிருப்பதனால், லினக்ஸில் இயங்கும் சர்வர் ஒன்று மூலையில் இருக்கிறது. அதன் ஹார்டு டிஸ்கில் உள்ள ஒரு ஃபோல்டர், முதலாமவருக்கு ஒரு டிரைவாகவும், இரண்டாமவருக்கு ஃபைண்டரின் ஓரத்தில் ஒரு பெயராகவும், மூன்றாமவருக்குத் தம்முடைய ஃபோல்டர்களுள் ஒன்றாகவும் காட்சியளிக்கிறது. தாங்கள் பார்ப்பது ஒரே பொருளைத்தான் என்று மூவரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்க்காமல் இருப்பதற்காக அந்தச் சர்வர் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும் காரியம், நம் காலத்து யந்திர சாதனைகளுள் மிகுந்த மதிப்புக்குரியது என்பது என் அபிப்பிராயம்.

கேபிளும் சுவிட்சும் செய்கிற வேலையில் இங்கே சிக்கல் எதுவும் இல்லை. எந்தக் கம்ப்யூட்டர் அனுப்பினாலும் அவை பேதம் பாராட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கோப்பு என்றால் என்ன, அதற்குப் பெயர் எப்படி இருக்கலாம், யார் அதைத் தொடலாம், இருவர் ஒரே சமயத்தில் தொட்டால் என்ன செய்வது என்ற மூலாதாரமான விஷயங்களிலேயே இந்த இயங்குதளங்கள் ஒன்றோடொன்று உடன்படுவதில்லை என்பதுதான் சிக்கலின் வேர்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிய பெயரும், அதே பெயரைச் சிறிய எழுத்தில் எழுதியதும் லினக்ஸுக்கு இரண்டு வெவ்வேறு கோப்புகள். விண்டோஸுக்கு அவை ஒன்றே. ஆகவே விண்டோஸிலிருந்து ஒருவர் புதிய கோப்பு ஒன்றை உண்டாக்க விரும்பினால், அதே பெயர் வேறு எழுத்து வடிவத்தில் முன்னமே இருக்கிறதா என்று அறிய, சர்வர் அந்த ஃபோல்டர் முழுவதையும் ஒரு முறை வாசித்துப் பார்க்க நேருகிறது. பல்லாயிரம் கோப்புகளை ஒரே ஃபோல்டரில் குவித்துவிட்டு, சர்வர் மந்தமாகிவிட்டதென்று குறைப்படுகிற காரியாலயங்களில் பல சமயம் இதுவே காரணம். மேக்கில் தேதியைச் சாய்கோடு இட்டு எழுதி அதையே பெயராக வைத்துவிடலாம். சாய்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, கேள்விக்குறி முதலியவற்றை விண்டோஸ் பெயரில் அனுமதிப்பதே இல்லை. இவற்றையெல்லாம் சமாளிக்க இடையில் இருக்கும் சர்வர் ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை வைத்து, பெறுகிறவர் யார் என்பதற்கேற்ப மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது.

தமிழில் பெயரிடுகிறவர்களுக்கு இவற்றோடு வேறு இரண்டு சங்கடங்களும் உண்டு. விண்டோஸில் ஒரு பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம். லினக்ஸில் வழக்கமாக உள்ள வட்டு முறையிலோ எல்லை 255 பைட்டுகள். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவைப்படுவதனாலும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகக் கணக்கிடப்படுவதனாலும், தமிழ்ப் பெயர் 85 குறியீடுகளிலேயே முடிந்துவிட வேண்டும். கடிதத்தின் பொருளையே முழுவதுமாகப் பெயராக எழுதிவைக்கும் பழக்கமுள்ளவர்கள் இந்த எல்லையில் மோதுவார்கள். இரண்டாவது சங்கடம் இன்னும் நுட்பமானது. 'கொள்முதல்' என்ற பெயரின் முதல் எழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமமென்றே கொள்கிறது. மேக்கில் நெடுங்காலம் இருந்துவந்த வட்டு முறை எல்லாப் பெயர்களையும் இரண்டாவது விதமாகப் பிரித்தே எழுதிவைத்தது. லினக்ஸோ வந்த பைட்டுகளை வந்தபடியே வைத்துக்கொள்ளும். ஆதலால், பிரிக்கப்பட்ட வடிவிலேயே ஒரு பிரதி சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், கண்ணுக்குச் சிறிதும் வித்தியாசம் தெரியாத இரண்டு 'கொள்முதல்' கோப்புகள் ஒரே ஃபோல்டரில் அருகருகே இருந்துகொண்டு, எது புதியது எது பழையது என்று ஊழியர்களைத் திகைக்க வைக்கும்.

இந்தப் பேதங்கள் தற்செயலாக ஏற்பட்டவையல்ல. ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் 1980களின் தொடக்கத்தில் வகுத்த எஸ்எம்பி என்ற நெறிமுறை, விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ் கம்ப்யூட்டர்களுக்காகப் பிறந்து பின்பு மைக்ரோசாஃப்டின் கையில் வளர்ந்தது; சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984ல் வெளியிட்ட என்எஃப்எஸ், லினக்ஸுக்கும் முன்மாதிரியான யூனிக்ஸின் மரபிலே உருவாயிற்று; ஆப்பிள் தனக்கென்று ஏஎஃப்பி என்ற ஒன்றை வைத்திருந்தது. ஒவ்வொன்றும் தன் வீட்டாரோடு பேசுவதற்காக ஏற்பட்டதேயன்றி, அண்டை வீட்டாரோடு பேசும் உத்தேசம் எதற்கும் ஆதியில் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சுவரைத் துளைத்த முயற்சி 1991 டிசம்பரில் கான்பெரா நகரிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாயிற்று. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அங்கே ஆராய்ச்சி மாணவர். அவருடைய டாஸ் கம்ப்யூட்டரில் ஒரு புதிய மென்பொருளைச் சோதிப்பதற்கு, டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் என்ற வலையமைப்பை உபயோகிப்பது அவசியமாயிற்று. அதை உபயோகித்தாலோ, அதுவரை பழகிவந்த சன் யந்திரங்களின் வட்டுகள் எட்டாமற் போயின. நெட்வொர்க் சம்பந்தமான நிரல் எதையும் அதற்குமுன் எழுதியறியாத அவர், இரு கம்ப்யூட்டர்களுக்கு இடையே போய்வரும் செய்திகளை ஒற்றுக்கேட்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று கவனித்து, அதே பதில்களைத் தாமே தரக்கூடிய ஒரு சர்வரை ஆக்கி 1992 ஜனவரியில் வெளியிட்டார். தாம் கற்றுக்கொண்டது எஸ்எம்பி என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. பின்னொரு காலத்தில் தம் முறையை அவர் விளக்கியபோது, பிரெஞ்சு மொழி தெரியாதவன் பிரெஞ்சு உணவு விடுதியில் உட்கார்ந்து, பக்கத்து மேஜைக்காரர் என்ன சொல்கிறார், பரிசாரகர் எதைக் கொண்டுவருகிறார் என்று பார்த்தே மொழியைக் கற்பதற்கு அதை ஒப்பிட்டார். கேட்பதோடு நில்லாமல், கட்டளை எண்களை ஒவ்வொன்றாக அனுப்பி, எதற்கு 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற பிழை வருகிறது, எதற்கு வேறு பிழை வருகிறது என்று பிரித்தறிந்து, ஒளிந்திருந்த கட்டளைகளையும் அவர் கண்டுபிடித்தார். அம்முயற்சியே வளர்ந்து சாம்பா என்ற பெயர் பெற்று, உலகெங்குமுள்ள எண்ணற்ற சிறு சர்வர்களில் இன்று இயங்கிக்கொண்டிருக்கிறது.

மொழியைக் கற்றுக்கொண்டபின்னும் ஆசாரங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. யூனிக்ஸ் ஒரு கோப்புக்கு ஒன்பது அனுமதிகளை வைத்திருக்கிறது: உடையவர், அவருடைய குழு, ஏனையோர் என்ற மூன்று வகுப்பாருக்கும் வாசிக்க, எழுத, இயக்க என்று மும்மூன்று. டாஸ் மரபுக்கோ மறைவானது, இயங்குதளத்தைச் சேர்ந்தது, இன்னும் காப்புப்பிரதி எடுக்கப்படாதது என்ற வேறு அடையாளங்கள் வேண்டும். அவற்றைக் குறித்துவைக்க யூனிக்ஸில் இடமே கிடையாது. கணக்குக் கோப்புகளையும் கடிதங்களையும் யாரும் நிரலாக இயக்கப் போவதில்லை என்பதனால், பயனின்றிக் கிடந்த மூன்று இயக்க அனுமதிகளையே சாம்பா இந்த மூன்று அடையாளங்களுக்கும் ஒதுக்கிக்கொண்டது! மறைவான கோப்பு என்பது ஏனையோரின் இயக்க அனுமதியில் குறிக்கப்பட்டது. பிற்காலத்தில் இதற்கென்றே விரிவான பண்புக் குறிப்புகள் வந்துவிட்டன என்றாலும், அந்த யுக்தியின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை. நிர்வாகம் செய்கிறவர் இங்கே மறக்கக்கூடாத ஒன்று உண்டு: பொது ஃபோல்டரில் யார் எதை உண்டாக்கினாலும் அது குழுவுக்கே உரியதாகும்படி முன்னமே அமைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் விடுமுறையில் போன தினத்தில், அவர் உண்டாக்கிய கோப்பை மற்றவர் திருத்த முடியாமல் காரியம் நின்றுபோகும்.

எல்லாவற்றிலும் கடினமானது பூட்டு. விண்டோஸில் ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே, தான் அதை வைத்திருக்கும் வரையில் பிறர் வாசிக்கலாமா, எழுதலாமா என்று சொல்லிவிடுகிறது. அந்தச் சொல்லைச் சர்வர் கட்டாயமாக நிறைவேற்ற வேண்டும். யூனிக்ஸ் மரபில் பூட்டு என்பது பெரும்பாலும் ஒரு வேண்டுகோளே. பூட்டு இருக்கிறதா என்று விசாரிக்காத நிரலை அது தடுப்பதில்லை. இதற்கு மேல், வேகத்தின் பொருட்டு எஸ்எம்பியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கோப்பைத் திறந்திருப்பவர் ஒருவரே என்றால், சர்வர் அவருக்கு அவ்விதம் உறுதி கூறிவிடும். அதை நம்பி அவருடைய கம்ப்யூட்டர், திருத்தங்களை உடனுக்குடன் அனுப்பாமல் தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளும். இரண்டாமவர் அதே கோப்பைக் கேட்டால், சர்வர் அவரைக் காத்திருக்கச் செய்து, முதலாமவரிடம் உறுதி ரத்தாயிற்று என்று அறிவித்து, தேங்கியிருக்கும் திருத்தங்களையெல்லாம் எழுதி முடிக்கச் செய்து, அதன் பிறகே வழிவிடும். இப்படியிருக்க, அதே ஃபோல்டரை லினக்ஸ் ஊழியருக்கு மட்டும் என்எஃப்எஸ் வழியாகத் திறந்துவைத்தால், சாம்பா அறியாத ஒரு கொல்லைக் கதவை நாமே வைத்தவர்களாவோம். லினக்ஸின் கருவான கெர்னல் ஓரளவு தகவல் சொல்லி உதவக்கூடும் என்றாலும், இரு வேறு நெறிமுறைகளின் பூட்டுகள் எப்போதும் ஒன்றையொன்று மதித்து நடக்கும் என்று எதிர்பார்ப்பது ஆபத்து. ஒரு வருஷத்துக் கணக்கு ஒரு நிமிஷத்தில் குழம்பிவிடும். ஆகவே சிறிய காரியாலயத்தில் மூவரும் எஸ்எம்பி ஒன்றையே உபயோகிப்பதுதான் உசிதம். ஆப்பிளே 2013ல் மேக் இயங்குதளத்தின் மாவெரிக்ஸ் பதிப்பு முதற்கொண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே கோப்புகளைப் பகிர்வதற்கு எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பை இயல்பான வழியாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஒற்றுக்கேட்டே கற்க வேண்டியிருந்த நிலை நியாயமானதுதானா என்ற கேள்வியும் எழுந்தது. சன் நிறுவனம் 1998ல் செய்த முறையீட்டின் பேரில் விசாரித்த ஐரோப்பிய ஆணையம், 2004 மார்ச் மாதத்தில் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்ததோடு, பிறருடைய சர்வர்கள் விண்டோஸோடு பேசுவதற்கு வேண்டிய நெறிமுறை விவரங்களை வெளியிடவும் உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில், சாம்பா குழுவினருக்காக ஏற்பட்ட ஓர் அறநிறுவனம் 10,000 யூரோவை ஒரே தவணையாகச் செலுத்தி அந்த ஆவணங்களைப் பெற்றது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி செய்யும் வேலையையே ஏற்று நடத்த வல்ல சாம்பா நான்காம் பதிப்பு 2012 டிசம்பரில் வெளிவந்தது. ஒரு காரியாலயத்தின் கோப்புகள் அந்தக் காரியாலயத்தின் உழைப்பே ஆதலால், அவற்றை அடைய எந்த ஸ்தாபனத்தின் யந்திரத்தை வாங்குவது என்பது அவ்வுழைப்புக்கு உரியவரின் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய வெற்றி.

எனினும் பழைய எஸ்எம்பி முதற்பதிப்பை மட்டும் சிநேகத்தின் பேரில் விட்டுவைத்தல் ஆகாது. 2017 மே மாதத்தில் பல தேசங்களின் கம்ப்யூட்டர்களை முடக்கிய வானாகிரை என்ற தீங்குநிரல், விண்டோஸில் அந்தப் பதிப்பை நடத்திவந்த மென்பொருளில் இருந்த ஒரு குறை வழியாகவே பரவிற்று. அதைத் திருத்தும் மென்பொருளை இரண்டு மாதம் முன்னரே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தும், நிறுவாமல் இருந்தவர்கள் ஏராளம். அதே மே மாதத்தில் சாம்பாவிலும் ஒரு பெரிய குறை கண்டறிந்து திருத்தப்பட்டது. 2019ல் வந்த சாம்பா 4.11 முதற்பதிப்பை இயல்பாகவே அணைத்துவிட்டது. ஆயினும் காரியாலயத்தில் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய ஜெராக்ஸ் யந்திரம், ஸ்கேன் செய்த காகிதத்தை அந்தப் பழைய பதிப்பில்தான் அனுப்பத் தெரிந்ததாக இருக்கலாம். அதன் பொருட்டுச் சர்வர் முழுவதற்கும் பழைய கதவைத் திறந்துவிடாமல், யந்திரம் ஸ்கேன்களை மின்னஞ்சலில் அனுப்பும்படி அமைக்கலாம்; அதுவும் இயலாவிட்டால், வேறு எந்தக் கோப்பும் இல்லாத சிறு கம்ப்யூட்டர் ஒன்றில் அவற்றைப் பெற்று, அங்கிருந்து தினந்தோறும் பொது ஃபோல்டருக்கு மாற்றிக்கொள்ளலாம்.