வரி அயிரைகளை இனங்காணல்

வரி அயிரைகள் என்று இக்கட்டுரையில் குறிக்கப்படுபவை, உடலில் பட்டைகளோ வரிகளோ உடைய, நீரின் அடித்தளத்தில் வாழும் சிறிய நன்னீர் மீன்கள் ஆகும். இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே மீன் தொட்டியில் உள்ள ஒரு மீனை வரிகளை மட்டும் கொண்டு இனங்காண முயன்றால் பெரும்பாலும் தவறு நேரும். உடலமைப்பை முதலிலும் வரிகளை இறுதியிலும் நோக்குவதே முறையாகும். திருநெல்வேலியையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கையும் சார்ந்த இனங்கள் இங்கே எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

குடும்பத்தை அறிதல்

முதலில் நோக்க வேண்டியது கண்ணின் கீழ்ப்பகுதி ஆகும். கோபிட்டிடே, போட்டீடே ஆகிய குடும்பங்களைச் சேர்ந்த மீன்களுக்கு அவ்விடத்தில் ஒரு முள் உண்டு. இயல்பாக இது தோலின் பள்ளத்துள் மடிந்திருக்கும். அச்சுறும்போது வெளியே நீளும். நெமாகிலிடே குடும்பத்து மீன்களுக்கு இம்முள் இல்லை.

அடுத்து உடல் வடிவத்தை நோக்க வேண்டும். போட்டீடே மீன்கள் பக்கவாட்டில் தட்டையாகவும் முதுகு வளைந்தும் காணப்படும். நெமாகிலிடே மீன்கள் நீண்டு மெலிந்தவை. வாயைச் சுற்றி மூன்று இணை மீசை இழைகள் கொண்டவை.

தாமிரபரணியின் இனங்கள்

அயிரை (லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ்): தமிழ்நாட்டில் குழம்பு மீனாக நன்கு அறியப்பட்டது. கோபிட்டிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கையில் திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றுகளில் கிடைத்த மீன்களைக் கொண்டு 1846-இல் வலன்சியென் இதனை விவரித்தார். பெயரில் உள்ள 'தெர்மாலிஸ்' என்பது வெந்நீரைச் சுட்டுகின்றது. இதன் பக்கங்களில் முழுமையான பட்டைகள் இல்லை. கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்துள்ளன. கண்ணின் கீழ் முள் உண்டு. மணலுள் புதையும் இயல்புடையது. ஆண் மீனின் மார்புத் துடுப்பில் உட்புறக் கதிர்கள் தடித்து இணைந்திருக்கும்.

மெசோநெமாகிலஸ் ட்ரையாங்குலாரிஸ்: நெமாகிலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. 1865-இல் பிரான்சிஸ் டே இதனை விவரித்தார். வெளிறிய உடலில் கருநிற ஓரம் கொண்ட பழுப்புப் பட்டைகள் சாய்வாக அமைந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழ்வது.

மெசோநெமாகிலஸ் தாம்பரபர்ணியென்சிஸ்: 1987-இல் மேனன் விவரித்த இவ்வினம் ஆற்றின் பெயரையே தாங்கியுள்ளது. மேற்கண்ட மீனும் இதுவும் ஒரே பேரினத்தவை. ஆதலால் முள்ளின்மை, மீசை இழைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஐயம் இருப்பின் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே சரியான இனங்காணல் ஆகும்.

வணிகத்தில் கிடைக்கும் இனங்கள்

வரிக்குதிரை அயிரை (போட்டியா ஸ்ட்ரையேட்டா): உடல் முழுதும் நெருக்கமான மெல்லிய வரிகள் கொண்டது. கர்நாடகத்தின் சிமோகா அருகே துங்கா ஆற்றிலிருந்து 1920-இல் சி. ஆர். நாராயண ராவ் விவரித்தார். இது மேற்குத் தொடர்ச்சி மலையின் மீனே எனினும் தாமிரபரணிக்கு உரியது அன்று.

கோமாளி அயிரை (குரோமோபோட்டியா மாக்ரகாந்தஸ்): சுமாத்திரா, போர்னியோ தீவுகளைச் சேர்ந்தது. செம்மஞ்சள் உடலில் மூன்று அகன்ற கரும்பட்டைகள் உண்டு. முதற்பட்டை கண் வழியே செல்லும். இவ்விரு இனங்களும் போட்டீடே குடும்பத்தவை. கண்ணின் கீழ் முள் உடையவை.

வரிகள் மட்டும் போதாமை

குஞ்சுகளின் வரிகள் வளரும்போது பிரியவும் இணையவும் கூடும். அச்சம், சண்டை, இருள் ஆகியவற்றால் நிறம் வெளிறுவதும் உண்டு. எனவே மீன் அமைதியாக உள்ளபோது பக்கவாட்டிலும் மேலிருந்தும் படமெடுத்து ஒப்பிடுதல் நன்று. முள் உடைய மீன்கள் வலையில் சிக்கிக் காயமுறும். அவற்றைக் கண்ணாடிக் குவளையில் நீரோடு முகந்து நோக்க வேண்டும்.

மீன் கிடைத்த இடமும் ஓர் அடையாளமே. பாபநாசத்திற்கு மேலுள்ள மலையோடையில் கிடைத்ததா, சமவெளி வாய்க்காலில் கிடைத்ததா, கடையில் வாங்கியதா என்பதைக் குறித்து வைத்தால் இனங்காணல் எளிதாகும்.

இனங்காணலின் தேவை

தவறான பெயர், ஓர் ஆற்றில் இல்லாத மீனை அங்கு இருப்பதாகப் பதிவு செய்துவிடும். அங்கு மட்டுமே உள்ள மீனை மறைத்தும் விடும். 2011-இல் வெளியான மேற்குத் தொடர்ச்சி மலை நன்னீர் உயிரின மதிப்பீட்டில் வரிக்குதிரை அயிரை அருகிய இனமாகக் குறிக்கப்பட்டது. தாமிரபரணியின் தலைநீர்ப் பகுதிகள் 1988-இல் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் அடங்குகின்றன. அங்கு அனுமதியின்றி மீன் பிடித்தல் சட்டப்படி குற்றமாகும். அவ்வாறே, தொட்டியில் வளர்த்த வேற்றிட மீன்களை ஆற்றிலோ கால்வாயிலோ விடுதலும் தவிர்க்கத்தக்கது. அவை நோய்களைப் பரப்பவும், உள்ளூர் மீன்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடவும் கூடும்.