சிறையிலிருந்து வந்த கடிதம்

சிறைக் கைதி எழுதும் சாதாரணக் கடிதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்காகுமா? ஆகியிருக்கிறது! திகார் சிறையில் சக கைதி பட்ட சித்திரவதையைப் பார்த்துப் பொறுக்காமல், ஒருவர் நீதிபதிக்குக் கடிதம் போட்டார். முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் இல்லை. அதையே மனுவாக எடுத்து விசாரித்தது நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரின் அமர்வு.

நம்ம பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான் கிருஷ்ணய்யர். சிறை அவருக்குப் புதுசா என்ன? வக்கீலாக இருந்த காலத்தில் தாமே ஒரு மாதம் கம்பி எண்ணியவர் ஆயிற்றே! பிறகு 1957-இல், திருவனந்தபுரத்தில், இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கேரள அமைச்சரவையில் சட்ட அமைச்சர். கூடவே எந்தத் துறை தெரியுமா? சிறைத்துறை!