எலும்பில் தங்கும் உலோகம்

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் கிராம சபைக் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் வேளையில், காப்பியும் மிளகும் பயிரிடும் விவசாயி ஒருவர் ஒரு மாத்திரைப் புட்டியை எம்மிடம் நீட்டினார். நகரத்தில் வேலை பார்க்கும் அவருடைய மகன், பாட்டியின் எலும்புகள் உறுதிப்பட வேண்டுமென்று வாங்கி அனுப்பியதாம். ஸ்ட்ரான்ஷியம் சிட்ரேட் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. இஃது என்ன, உண்ணலாமா என்று அவர் வினவினார். எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பின்னர்ப் படித்தும், வைத்தியர்களைக் கேட்டும் அறிந்ததைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிவது நலம்.

ஸ்ட்ரான்ஷியம் ஓர் உலோகம். ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரான்ஷியன் என்னும் சிற்றூரின் ஈயச் சுரங்கத்துக் கல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 1808ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி இதனைப் பிரித்தெடுத்தார். நம் மாநிலத்திலும் இது இல்லாமலில்லை. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிமண் படிவங்களில், ஜிப்சத்தோடு கலந்து, இதன் கனிமமாகிய செலஸ்டைட் காணப்படுகிறது.

இவ்வுலோகம் கால்ஷியம் என்னும் சுண்ணாம்புச் சத்திற்கு உடன்பிறந்தது போன்றது. உடல் இவ்விரண்டையும் நன்கு பிரித்தறிவதில்லை. ஆகவே உடலிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் ஏறக்குறைய முழுவதும் எலும்பிலேயே சென்று தங்குகிறது. நன்மை தீமை இரண்டிற்கும் இதுவே மூலம். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய ஸ்ட்ரான்ஷியம் 90 புல்லிலும் பாலிலும் கலந்து குழந்தைகளின் எலும்பில் ஏறியதைக் கண்டு உலகம் அஞ்சியது. 1963இல் வான்வெளிச் சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். அதே இனத்தைச் சேர்ந்த ஸ்ட்ரான்ஷியம் 89, புற்றுநோய் எலும்பில் பரவியவர்களின் வேதனையைத் தணிக்க மருத்துவமனைகளில் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது.

புட்டியில் இருந்தது கதிரியக்கமற்ற சாதாரண உப்பு. அதன் உறவான ஸ்ட்ரான்ஷியம் ரானிலேட் என்பதை, மாதவிடாய் நின்ற பெண்கள் 1,649 பேரிடம் சோதித்தனர். மூன்றாண்டுகளில் முதுகெலும்பு முறிவு 41 சதவீதம் குறைந்ததென்று 2004இல் வெளியாயிற்று. அவ்வாண்டே ஐரோப்பாவில் அனுமதியும் கிடைத்தது. ஆயினும் மாரடைப்பும் இரத்தக் கட்டியும் சிலருக்கு நேர்வது தெரியவந்தமையால், 2014இல் இதய நோயாளிகளுக்கு இது கூடாதென்று விதித்தனர். 2017இல் தயாரிப்பாளரே உற்பத்தியை நிறுத்தினர். சிட்ரேட் உப்பிற்கோ இத்தகைய பெருஞ் சோதனையே நடந்ததில்லை. இன்னொன்று: ஸ்ட்ரான்ஷியம் கால்ஷியத்தைவிடக் கனமானது, எக்ஸ்ரே கதிரை மிகுதியாகத் தடுக்கும். ஆதலின் எலும்பு அடர்த்திச் சோதனையில் உண்மைக்கு மேற்பட்ட உயர்வு தென்படும். விற்பவருக்கு இது வசதி!

எலும்புக்கு வேண்டியது முதலில் சுண்ணாம்புச் சத்தே. நூறு கிராம் கேழ்வரகில் அது சுமார் 360 மில்லிகிராம் உண்டு. தீட்டிய அரிசியில் பத்துக்கும் குறைவு. மலைவாழ் மக்கள் முன்பு கேழ்வரகும் சாமையும் விளைவித்து உண்டனர். இப்பொழுது பல வீடுகளில் இரு வேளையும் அரிசிச் சோறுதான். சத்து உடலிற் சேர வெயிலும் வேண்டும். மழை மாதங்களில் ஏற்காட்டின் மூடுபனியில் வீட்டினுள் அடைந்திருக்கும் முதியோர்க்கு அது குறைவு. இவர்களைப் பஞ்சாயத்தார் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றால், தேவையானால் கால்ஷியமும் வைட்டமின் டி-யும் வைத்தியர் அளவறிந்து தருவார்.

அடுத்த மாதம் அக்கிராமத்திற்குச் சென்றபோது அவ்விவசாயியைச் சந்தித்தோம். அவர் புட்டியோடு தாயாரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருந்தார். அம்மூதாட்டி இரண்டாண்டுகளுக்கு முன் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்பதை, மாத்திரை வாங்கி அனுப்பிய பேரன் அறிந்திருக்கவில்லை.