புள்ளிக்குப் பின்னால் என்ன வைப்பது?

மனை வியாபாரத்தில் இருக்கும் நண்பர்கள் இணையதளம் தொடங்கும்போது முதலில் கேட்பது இதைத்தான்: "டாட் காம் போடலாமா, டாட் இன் போதுமா? டாட் பிராப்பர்ட்டீஸ்னு ஒண்ணு வந்திருக்காமே, நம்ம தொழிலுக்கு அது பொருத்தமா இருக்காதா?" டீ வரட்டும், நிதானமாகவே பேசலாம். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிற முடிவுதான். ஆனால் ஃபிளெக்ஸ், நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, அட்வான்ஸ் ரசீது என்று எல்லாவற்றிலும் அச்சேறிய பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

முதலில் ஒரு நப்பாசையைத் தீர்த்துவிடுவோம். டாட் பிராப்பர்ட்டீஸ் என்று வைத்தால் கூகுளில் மேலே வருவோமா? வரமாட்டோம். புள்ளிக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் சொல்லுக்குத் தனிச் சலுகை கிடையாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. டாட் இன் மாதிரியான நாட்டு எக்ஸ்டென்ஷன் மட்டும், இந்தத் தளம் இந்தியாவில் இருப்பவர்களுக்கானது என்று ஒரு குறிப்பைத் தரும். அவ்வளவுதான்.

அப்படியென்றால் இத்தனை எக்ஸ்டென்ஷன்கள் எதற்காக வந்தன? டாட் காம் 1985இலிருந்து இருக்கிறது. இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு 2012இல் புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு விண்ணப்பம் கேட்டது. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். 1,930 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. டாட் எஸ்டேட், டாட் லேண்ட், டாட் ஹவுஸ், டாட் பிராப்பர்ட்டி, டாட் அபார்ட்மென்ட்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அவ்வளவு பணம் கட்டியவர்கள் அதை யாரிடம் வசூலிப்பார்கள்? நம்மிடம்தான். டாட் காமின் மொத்த விலைக்கு ஒப்பந்தப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. புதியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. முதல் வருடம் டீக்காசு போலத் தெரியும். இரண்டாம் வருட ரினியூவல் பில்லில்தான் நிஜ விலை வரும். எனவே வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள். ரினியூவல் விலை என்ன என்று கேளுங்கள்.

இவற்றில் டாட் ரியல்ட்டர் என்பதை நாம் வாங்கவே முடியாது. ரியல்ட்டர் என்று நம்மூரில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அது நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்ட்டர்ஸ் சங்கத்தின் வணிகக்குறி. அங்கேயும் கனடாவிலும் உள்ள சங்கங்களில் உறுப்பினராக இருந்தால்தான் அந்த எக்ஸ்டென்ஷன்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் மனை வியாபாரம் பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறி இடத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், மாமனாருக்குப் போனில் சொல்வார். மாமனார் பேரனைக் கூப்பிட்டுத் தேடச் சொல்வார். இரண்டு வாய், இரண்டு காது தாண்டியும் உங்கள் முகவரி பிழையில்லாமல் போய்ச் சேர வேண்டும். 'ஸ்ரீ' என்று சொன்னால் ஒருவர் எஸ்-ஆர்-ஐ என்று தட்டுவார், இன்னொருவர் நடுவில் ஹெச் சேர்ப்பார், மூன்றாமவர் டபுள் ஈ போடுவார். 'லட்சுமி'க்கு எக்ஸ் போடுகிறவர் பாதி, கே-எஸ்-ஹெச் பாதி. இதோடு டாட் பிராப்பர்ட்டியா, பிராப்பர்ட்டீஸா என்ற குழப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டாட் கோ டாட் இன் வாங்கியவர்களின் பாடும் இதேதான். நடுவில் இருக்கும் 'கோ'வை மக்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

ஆகவே என் கட்சி பழைய கட்சி. வாங்குபவர்கள் தாம்பரம், கூடுவாஞ்சேரி வட்டாரத்துக்காரர்கள் என்றால் டாட் இன் தாராளமாகப் போதும். 2005இல் விதிகளைத் தளர்த்தி எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு அது மக்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. துபாய், சிங்கப்பூரிலிருந்து விசாரிப்புகள் வருகின்றன என்றால் டாட் காமை முன்னே வையுங்கள். எப்படியானாலும் இரண்டையும் வாங்கி, ஒன்றை இன்னொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். நீங்கள் நினைத்த பெயரின் டாட் காம் ஏற்கெனவே இன்னொரு புரமோட்டரிடம் இருந்தால், பெயரையே மாற்றுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஃபிளெக்ஸுக்குக் கொடுக்கிற காசில் அவருக்கு வாடிக்கையாளர் போவார். அவர் வணிகக்குறி பதிந்திருந்தால் வழக்கும் வரும்.

தமிழில் முகவரி வைக்கலாமா? வைக்கலாம். '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. போர்டில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சில நேரம் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டமாக மாறி நிற்கும். தமிழ் முகவரிக்கு மெயில் அனுப்பினால் எல்லா மெயில் சேவைகளும் ஏற்பதில்லை. ஆசைக்கு வாங்கி முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 11ஆம் பிரிவுப்படி, புரமோட்டரின் விளம்பரத்தில் ரெரா ஆணையத்தின் இணைய முகவரியும் பதிவு எண்ணும் எடுப்பாக இருந்தாக வேண்டும். ஆக ஃபிளெக்ஸில் ஏற்கெனவே ஒரு முகவரி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் வருகிற உங்களுடையது குட்டியாக இருந்தால்தான் கண்ணில் நிற்கும். ஆணையத்தின் தளத்தில் நிறுவனம் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அதை ஒட்டியே டொமைனும் இருக்கட்டும். அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்றால் பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தும் வாங்க வந்தவர் யோசிக்கத்தான் செய்வார்.

இந்தத் தொழிலில் அதிகம் பேர் இடறுவது வேறு இடத்தில். ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் புதுப் பெயர், புது டொமைன், புதுத் தளம். எல்லா மனையும் விற்றுத் தீர்ந்ததும் யாரும் அதை ரினியூவல் செய்வதில்லை. டாட் காம் காலாவதியானால், டொமைன் விற்கும் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம்; பிறகு 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம்; அதற்குப் பின் 5 நாளில் அது சந்தைக்கு வந்துவிடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவர் சூதாட்டத் தளம் நடத்தலாம். உங்கள் பழைய நோட்டீஸில் இருக்கும் கியூ.ஆர். குறி அங்கேதான் கொண்டுபோய் விடும். அதைவிட மோசம், மெயில். மனை வாங்கியவர் இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்காக ஆதார், பான் நகல்களை அந்தப் பழைய முகவரிக்கு அனுப்பினால், அது யாரோ ஒருவர் கையில் போய்ச் சேரும். அந்த மெயிலை வைத்துத் திறந்த கணக்குகளின் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பும் அங்கேதான் போகும்.

லேஅவுட்டுக்குத் தனி டொமைன் வேண்டாம். முதன்மைத் தளத்துக்குள் அதற்கு ஒரு பக்கம் போதும். விற்றுத் தீர்ந்த பிறகும் அந்தப் பக்கத்தை எடுக்காதீர்கள், டி.டி.சி.பி. ஒப்புதல் எண்ணோடும், இப்போது வீடுகள் எழும்பிய படங்களோடும் அப்படியே இருக்கட்டும். அடுத்த லேஅவுட்டுக்கு அதைவிட நல்ல விளம்பரம் இல்லை. ஃபிளெக்ஸுக்குச் சின்ன முகவரி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் டாட் லேண்ட் ஒன்றை வாங்கி அந்தப் பக்கத்துக்குத் திருப்புங்கள். மெயில் மட்டும் அதில் வைக்காதீர்கள்.

இரண்டு எக்ஸ்டென்ஷனையும் வாங்கச் சொன்னதற்குப் பயமும் ஒரு காரணம். உங்கள் பெயரிலேயே வேறு எக்ஸ்டென்ஷன் வாங்கி, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதித் தொகையை இதில் போடுங்கள்" என்று வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புகிற மோசடி இருக்கிறது. வீடு, மனை விற்பனையைக் குறிவைக்கும் இந்த வகை மோசடியைப் பற்றி அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. எல்லா எக்ஸ்டென்ஷனையும் வாங்கிக் குவிக்க முடியாது. வாடிக்கையாளர் ஏமாறக்கூடிய இரண்டு மூன்றை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, கணக்கு எண்ணை மெயிலில் மாற்றமாட்டோம் என்று ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள்.

கடைசியாக, டொமைன் யார் பேரில்? தளம் செய்துகொடுத்த பையன் தன் கணக்கில், தன் மெயிலில், தன் கார்டில் வாங்கி வைத்திருப்பான். கிரயம் கொடுத்தவர் நீங்கள், பட்டா அவன் பேரில் என்கிற கதைதான். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டால் ரினியூவல் நாளில் திண்டாட வேண்டியிருக்கும். ரெஜிஸ்ட்ரார் தளத்தில் உங்கள் பெயரில், நிறுவனத்தின் போன் எண்ணோடு கணக்கு தொடங்குங்கள். ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வர வேண்டும். கணக்கின் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஒரே தடவையில் 10 வருடம் வரை கட்டலாம். ஏற்கெனவே வேறொருவர் பேரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றுவதற்கான குறியீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். புதிதாகப் பதிந்த டாட் காமை முதல் 60 நாளுக்கு வேறு ரெஜிஸ்ட்ராரிடம் மாற்ற முடியாது. அந்தக் கெடு முடிகிற தேதியை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.