உங்களுக்குத் தெரியுமா? தினமும் எஃப்1 கேட்கும் கம்பியூட்டர்

கம்பியூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் 'சீமோஸ் செக்சம் எரர்' என்று வருகிறதா? எஃப்1 அழுத்தினால் வேலை செய்கிறது, ஆனால் திகதி பல வருடம் பின்னால் நிற்கிறதா? புதுக் கம்பியூட்டர் தேவையில்லை. விண்டோஸை மறுபடி போடவும் வேண்டாம். பெரும்பாலும் மதர்போட்டில் இருக்கும் சில்லறைக்காசு போன்ற பெட்டரி தீர்ந்திருக்கும்.

அதன் பெயர் சிஆர்2032. விட்டம் 20 மி.மீ., தடிப்பு 3.2 மி.மீ., 3 வோல்ட். சுவர்க் கடிகாரத்து பெட்டரி இதற்குச் சரிவராது.

1984இல் ஐபிஎம் வெளியிட்ட 'ஏடி' கம்பியூட்டரிலேயே, கரண்ட் இல்லாதபோதும் திகதியைக் காக்கும் பெட்டரி இருந்தது.

மலையகத்தில் இது சீக்கிரம் தீர ஒரு காரணம் உண்டு. பிளக் செருகி, சுவிட்ச் போட்டிருந்தால், கம்பியூட்டர் அணைந்திருக்கும்போதும் உள்ளே சிறிது மின்சாரம் ஓடி, பெட்டரியின் வேலையைக் குறைக்கும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடித்தால் நாம் பிளக்கைக் கழற்றிவிடுகிறோம். அப்போது பெட்டரி தனியாகச் சுமக்கிறது. அதற்காகப் பிளக்கைச் செருகியே வைக்காதீர்கள். மின்னல் ஒருமுறை உள்ளே இறங்கினால் மதர்போட்டே போய்விடும். பெட்டரியோ மலிவு.

மாற்றும் முன், எஃப்2 அல்லது டிலீட் அழுத்தி செட்டப் பக்கத்துக்குப் போய், 'சாட்டா மோட்' என்ன என்று போனில் படம் எடுத்துவையுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது மாறிப்போனால் விண்டோஸ் திறக்காமலே நின்றுவிடலாம். பிறகு பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியைத் திறந்து, அதன் இரும்பைத் தொட்டுவிட்டு, பெட்டரியைப் பிடித்திருக்கும் கொக்கியை மெல்லத் தள்ளினால் பெட்டரி எழும்பும். புதியதை '+' பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். செட்டப்பில் திகதி, நேரம், சாட்டா மோட் மூன்றையும் சரிசெய்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

திகதி பிழையானால் இன்டர்நெட் பக்கங்கள் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுப்பதுண்டு. அவற்றின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு.

நேரம் சரியாக அரை மணி முந்துகிறதா? அது பெட்டரியின் பிழையல்ல. மின்தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. புதுப்பிக்காத பழைய விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் அந்த நடுநேரத்திலேயே நிற்கும். புதிய விண்டோஸில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' (+5:30) என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

பெட்டரியோடு சம்பந்தமில்லாத செய்திகளும் திரையில் வரலாம். கரண்ட் திடீரெனப் போய் வந்தபின் 'டிஸ்க் செக்' ஓடினால் நடுவில் நிறுத்தாதீர்கள். ஒருமுறை முழுதாக ஓடட்டும். பிறகும் தினமும் வந்தால் ஹார்ட் டிஸ்க் பழுதாகலாம். முதலில் பிள்ளைகளின் பாடங்களையும் படங்களையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்த பென் டிரைவில் வைரஸ் வந்து, அதை அழித்தபிறகும் 'ரன்டிஎல்எல்' பிழை எழும்பலாம். வைரஸ் போய்விட்டது, அதைக் கூப்பிடும் கட்டளை மிச்சம். மைக்ரோசொஃப்டின் இலவச 'ஆட்டோரன்ஸ்' இப்படிக் கோப்பில்லாத கட்டளைகளை மஞ்சள் நிறத்தில் காட்டும். உடனே அழிக்காமல், முதலில் 'டிக்'கை எடுத்துப் பாருங்கள்.

கழற்றிய பெட்டரியைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல், டேப் சுற்றி வையுங்கள். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தி எடுக்க வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.