சாயமில்லா வண்ணம்

இயற்கையைப் பின்பற்றுதல் என்றால் நூலின் அட்டையில் இலையும் கொடியும் வரைதலே எனக் கருதும் ஓவியர் உளர். நான் அதனை ஒப்புவதில்லை. பூங்கொடி தீட்டிய அட்டையின்மேற் பிளாஸ்திக்குப் படலம் ஒட்டிவிட்டால், அக்காகிதம் மீண்டும் கூழாவது அரிது. இயற்கை தன் நிறத்தை எவ்வாறு ஆக்குகின்றது என்பதையன்றோ கற்றல் வேண்டும்?

மயிற்பீலியை நனைத்தால் அதன் நிறம் மறைவதை 1665இலேயே றொபேட் ஹூக் எழுதிவைத்தார். பீலியில் நீலச்சாயம் இல்லை. நுண்ணிய அமைப்பிற் பட்டு மீளும் ஒளியே அந்நிறம்.

இதனினும் வியப்புக்குரியது ஆபிரிக்கக் காட்டுச் செடியாகிய பொல்லியாவின் கனி. 1974இல் கானாவிற் பறித்து, இலண்டன் கியூப் பூங்காவின் உலர்தாவரத் தொகுதியிற் சேர்த்த கனிகள், 2012இல் ஆராய்ந்தபோதும் நீலமணிபோல் மின்னின. நம் சுவரொட்டிகளோ ஒரு கோடைக்கே வெளிறிவிடுகின்றன! அக்கனித் தோலிலும் நீலச்சாயம் இல்லை. செலுலோசு இழைகள் படிப்படியாய்த் திருகி அடுக்கப்பட்டுள்ளன, அவ்வளவே. செலுலோசு யாது? நாம் அச்சிடும் காகிதத்தின் பொருளே அது. தாளும் வண்ணமும் ஒரே பொருளாயின், பழந்தாளிலிருந்து மையைக் கழுவி அகற்றும் தொல்லை பெரிதும் குறையுமன்றோ?

2021இல் கேம்பிறிட்ஜ் ஆய்வாளர் மரக்கூழின் செலுலோசிலிருந்து மினுக்குத்தூள் செய்து காட்டினர். பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் மாறுதல் இத்தகைய வண்ணத்தின் இயல்பு. ஆதலின் எழுத்துக்கு இது பொருந்தாது. வாழ்த்து மடலுக்கும் நூலட்டைக்கும் அதுவே அழகு.