கொசு சுமக்கும் இதயப்புழு

ஒரகடம் சிப்காட் பக்கம் டீக்கடை வாசலில் சுருண்டு கிடக்கும் நாயையும் ஸ்ரீபெரும்புதூர் அடுக்ககத்து நாயையும் கடிப்பது ஒரே கொசுதான். இதயப்புழு நாய்க்கு நாய் நேராகத் தொற்றாது. நோயுள்ள நாயின் ரத்தத்தோடு கொசு உறிஞ்சும் நுண்புழு, அதாவது இதயப்புழுவின் குஞ்சு, கொசுவின் உடலில் தொற்றும் பருவத்தை எட்ட 14 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். 27 டிகிரியில் இரண்டே வாரம் போதும். இந்த ஊரில் எந்த மாதம் அந்தச் சூடு இல்லை? போதாததற்கு, கழிவுநீர் தேங்கிய கால்வாய் கியூலெக்ஸ் கொசுவுக்குத் தொட்டில். நாய்க்குள் ஆறேழு மாதத்தில் முதிரும் பெண்புழு, வேகவைத்த சேமியாபோல் ஏறக்குறைய ஓரடி நீண்டு, நுரையீரல் தமனியில் குடியிருக்கும்.

‘அது அசாம், மிசோரம் பக்கத்து நோய், நமக்கென்ன?’ எனலாம். பதிவுகள் வடகிழக்கில்தான் அதிகம். தெற்கே, குறிப்பாகக் கேரளத்தில், தோலடியில் வாழும் அதன் பங்காளிப் புழுவே பரவலாகத் தெரிகிறது. ஆனால் சுமக்கும் கொசு இங்கே தயார். நோயுள்ள நாய் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. நாய்களோ ரயிலேறி ஊர் மாறுகின்றன. எல்லா நாய்க்கும் மாத்திரை கொடுத்துவிடலாமே? மாதாமாதம் கொடுக்கும் ஐவர்மெக்டின் தடுக்கும்தான். ஆனால் நுண்புழு மலிந்த நாய்க்குச் சோதிக்காமல் கொடுத்தால், அவை கூண்டோடு மடிந்து நாயை அதிர்ச்சியில் தள்ளக்கூடும். வெளியூர் நாய்க்கு வந்ததும் ஒரு ரத்தப் பரிசோதனை, ஏழு மாதம் கழித்து இன்னொன்று தேவை. இளம்புழு முதல் சோதனையில் சிக்காது.